பாடியவருக்கே தெரியாத பாட்டு

துன்யா யூனிஸ் லெபனான் மலைப்பகுதியைச் சேர்ந்த பாடகி. அவர் பாடிய ஒரு நாட்டுப்பாடல் 1976இல் லண்டனில் இசைத்தட்டாக வெளிவந்தது. ஜீன் ஜென்கின்ஸ், பவுல் ரோவ்சிங் ஒல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இஸ்லாமிய நாடுகளில் பதிவுசெய்த இசையை ஆறு தட்டுகளாகத் தொகுத்திருந்தார்கள். அதில் ஒரு தட்டு முழுக்க மனிதக் குரலுக்கு. துன்யா அதில்தான் இருந்தார். ஐந்து வருடம் கழித்து, 1981 பிப்ரவரியில், அதே குரல் வேறொரு தட்டில் ஒலித்தது. இந்த முறை குரலுக்கு அடியில் தடித்த பேஸ் கித்தாரும் டிரம்ஸும் ஓடின. அதை வாசித்தவர்கள் அமெரிக்காவில் வாசித்தார்கள். துன்யாவும் அவர்களும் ஒரே அறையில் நின்றதே இல்லை.

அந்த இரண்டாவது தட்டின் பெயர் 'மை லைஃப் இன் தி புஷ் ஆஃப் கோஸ்ட்ஸ்'. செய்தவர்கள் பிரையன் ஈனோ, டேவிட் பைர்ன். ஈனோ ஆங்கிலேயர்; ராக்ஸி மியூசிக் குழுவில் சின்தசைசர் வாசித்துவிட்டு வெளியே வந்தவர், பின்னணியில் மெல்ல மிதக்கும் 'ஆம்பியன்ட்' என்ற இசை வகைக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவர். பைர்ன், நியூயார்க்கின் டாக்கிங் ஹெட்ஸ் குழுவுடைய பாடகர். ஆனால் இந்த ஆல்பத்தின் பதினோரு தடங்களில் பாடகரான பைர்ன் முன்குரலாக ஒரு வரிகூடப் பாடவில்லை. குரல்கள் எல்லாம் ரேடியோவிலிருந்தும் பழைய இசைத்தட்டுகளிலிருந்தும் வந்தவை. தொலைபேசியில் சண்டை போடும் நேயர், நியூ ஆர்லியன்ஸ் போதகர், சான் பிரான்சிஸ்கோ வானொலித் தொகுப்பாளர், பேயோட்டுபவர், அரபுப் பாடகிகள். இவர்களில் யாருக்கும் தாம் ஓர் ஆல்பத்தில் பாடிக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாது.

உலக இசை, கண்டெடுத்த ஒலி, சாம்பிளிங் (பதிவான ஒலியில் ஒரு துண்டை எடுத்துப் புதிய இசைக்குள் வைப்பது) மூன்றும் சேரும் இந்த வகை இசை புதிதாகக் கேட்பவர்களைக் குழப்பும். எனக்கும் முதலில் குழப்பமாகத்தான் இருந்தது. இந்த ஒரே ஆல்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் மூன்றும் புரிந்துவிடும்.

கண்டெடுத்த ஒலி

இசைக்கென்று உண்டாக்காத ஒலியை எடுத்து இசைக்குள் வைப்பது. அதுதான் கண்டெடுத்த ஒலி. ரயில் சத்தம், கண்ணாடி உடைவது, வானொலிச் செய்தி, பக்கத்து வீட்டுப் பேச்சு, எதுவாகவும் இருக்கலாம்.

இதன் வரலாற்றை வழக்கமாகப் பாரிஸில் தொடங்குவார்கள். நான் கெய்ரோவில் தொடங்குகிறேன், ஏனென்றால் அது நான்கு வருடம் முந்தியது. 1944இல் ஹலீம் எல்-தாப் என்ற எகிப்திய இளைஞர் வானொலி நிலையத்திலிருந்து ஒரு கம்பி ரெக்கார்டரைக் கடன் வாங்கினார். டேப் பரவலாகும் முன்பு, மெல்லிய எஃகுக் கம்பியில் காந்தமாக ஒலியைப் பதியும் கருவி அது. அதைத் தூக்கிக்கொண்டு பெண்கள் நடத்தும் 'ஸார்' சடங்குக்குப் போனார். உடம்பில் புகுந்த ஆவியைப் பாடியும் ஆடியும் சாந்தப்படுத்தும் சடங்கு. பதிவை எடுத்துவந்து வானொலி நிலையத்தில் எதிரொலி அறைகளுக்குள் ஓடவிட்டு, குரல்களின் அடிச்சுருதியை நீக்கினார். மிஞ்சியது மேல்சுரங்களின் ரீங்காரம் மட்டும். கேட்டால் தூரத்தில் காற்று பாடுவதுபோல இருக்கும். இடத்தின் இசை, கிடைத்த ஒலி, கருவியால் அதை மாற்றுவது: மூன்றும் அந்தச் சில நிமிடங்களிலேயே இருக்கின்றன.

பாரிஸில் 1948இல் பியர் ஷேஃபர் என்ற வானொலிப் பொறியாளர் பாட்டின்யோல் நிலையத்தில் ரயில் என்ஜின்களைப் பதிவுசெய்து ஓர் இசைத்துண்டு ஆக்கினார். அவரிடம் டேப் இல்லை, இசைத்தட்டு வெட்டும் இயந்திரம் இருந்தது. சாதாரணத் தட்டில் முள் ஓடும் தடம் சுருள் சுருளாக உள்ளே போகும். ஷேஃபர் அந்தத் தடத்தை ஒரே வட்டமாக மூடிவிட்டார். முள் வெளியே போக வழியில்லாமல் அதே வட்டத்தில் திரும்பத் திரும்ப ஓடும். நிமிடத்துக்கு 78 சுற்று என்றால் ஒரு சுற்று முக்கால் வினாடி. முக்கால் வினாடி ரயில் சத்தம் இருபது தடவை திரும்பி வரும்போது ரயில் மறைந்து தாளம் மட்டும் நிற்கிறது. 'லூப்' என்று இன்று எல்லாரும் சொல்வதன் தொடக்கம் இந்த மூடிய வட்டம்.

பேச்சு எப்போது பாட்டாகிறது

லூப்பின் உண்மையான வித்தை மனிதக் குரலில்தான் தெரியும். 1964இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ், சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் நோவாவின் வெள்ளத்தைப் பற்றி முழங்கிய ஒரு தெருப் போதகரின் குரலைப் பதிவுசெய்திருந்தார். 1965இல் 'மழை வரப் போகிறது' என்ற அந்தச் சின்ன வாக்கியத்தை லூப் ஆக்கி, இரண்டு டேப் கருவிகளில் ஒரே நேரத்தில் ஓடவிட்டார். இரண்டின் வேகமும் அணுவளவு வேறுபட்டதால் ஒன்று மெதுவாக முந்திப் போனது. வார்த்தை கலைந்து, எதிரொலியாகி, மேளமாகி, கடைசியில் புதிய சுரங்கள் பிறந்தன.

ஏன் இப்படி நடக்கிறது? பேசும்போது குரல் ஏறி இறங்குகிறது, சில அசைகளில் அழுத்தம் விழுகிறது. அது முழுக்க இசைதான். ஆனால் பேச்சின் அர்த்தத்தை வாங்கும் அவசரத்தில் மனம் இசையைத் தள்ளிவிடுகிறது. திரும்பத் திரும்பக் கேட்டால் அர்த்தம் தீர்ந்துபோகும். அர்த்தம் தீர்ந்த இடத்தில் அந்த ஏற்ற இறக்கம் காதில் விழ ஆரம்பிக்கும். உங்கள் போனிலேயே சோதித்துப் பார்க்கலாம்: யாரோ பேசிய நான்கு சொல்லை வெட்டி, பத்துத் தடவை ஓடவிடுங்கள். ஏழாவது தடவைக்குள் அதற்கு ஒரு மெட்டு வந்துவிடும்.

ஈனோவும் பைர்னும் போதகர்களின் பக்கம் திரும்பியது இதனால்தான். அமெரிக்க வானொலியில் இரவு நேரத்தில் பிரசங்கங்கள் நிறைய வந்தன. சாதாரணமாகப் பேச ஆரம்பித்து, ஒரு கட்டத்தில் மூச்சுப் பிடித்து, ஒரு தாளத்துக்குள் ஏறிவிடுவார்கள் அந்தப் போதகர்கள். 'ஹெல்ப் மீ சம்படி' என்ற தடத்தில் வருவது 1980 ஜூனில் நியூ ஆர்லியன்ஸில் ஒலிபரப்பான பால் மார்ட்டனின் பிரசங்கம். அவர் பேச்சின் தாளத்துக்கு ஈடுகொடுத்து கித்தார் கத்தரித்தாற்போல் துள்ளுகிறது. ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இது. மேடையில் குழுவோடு நின்று பாடுகிறார் என்று சத்தியம் செய்வீர்கள்.

இரண்டு டேப் கருவியும் நிறையப் பொறுமையும்

இந்த ஆல்பத்தை 'சாம்பிளிங்கின் முன்னோடி' என்கிறார்கள். சரிதான், ஆனால் ஒலியைப் பதிந்து கீபோர்டில் வாசிக்கவிடும் 'சாம்பிளர்' என்ற கருவி அதில் கிடையாது. வேலை நடந்தது 1979, 1980இல், லாஸ் ஏஞ்சலிஸ், சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் ஸ்டுடியோக்களில். எல்லாமே டேப்.

டேப் லூப்பின் கணக்கு எளிது. ஸ்டுடியோ டேப் வினாடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 120 தாள அடி விழுந்தால் நான்கு தாள அடிக்கு இரண்டு வினாடி. ஆக நான்கு தாள அடி கொண்ட லூப் வேண்டுமானால் 30 அங்குல டேப்பை வெட்டி, முனைகளை ஒட்டி வளையமாக்க வேண்டும். எட்டுத் தாள அடி வேண்டுமென்றால் 60 அங்குல வளையம். அது கருவிக்குள் அடங்காது. வெளியே இழுத்து, மைக் ஸ்டாண்டில் சுற்றி, தொய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கால் அங்குலம் தப்பாக வெட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் தாளம் கொஞ்சம் நொண்டும்.

குரலைச் சேர்ப்பது இன்னும் கடினம். ஒரு கருவியில் வாசித்த இசை, இன்னொரு கருவியில் ரேடியோக் குரல். இரண்டையும் கையாலேயே ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். குரல் சரியான இடத்தில் விழுந்தால் அதை வைத்துக்கொள்வார்கள். விழாவிட்டால் பின்னால் ஓட்டி மறுபடி முயற்சி. சுருதி சேரவில்லையென்றால் டேப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ஆனால் வேகம் மாறினால் சுருதியும் சேர்ந்தே மாறும். ஒன்றை விட்டு ஒன்றைத் திருத்த முடியாது. இன்று கணினியில் ஒரு இழுப்பில் முடிகிற காரியம்.

ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு ஒலிகள் பக்கத்தில் ஓடும்போது, கேட்பவரின் மனமே அவற்றுக்குள் உறவைத் தேடிக் கட்டிவிடும். போதகர் மூச்சு வாங்கும் இடத்தில் தற்செயலாக ஒரு மேள உருட்டல் வந்தால், மேளம் அவருக்குப் பதில் சொல்வதாகவே கேட்கும். இதைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் உழைத்தார்கள். நூறு தடவை ஓடவிட்டு, உயிர் வந்த ஒரு தடவையைக் கண்டுகொள்ள நல்ல காது வேண்டும்.

தாளக் கருவிகளிலும் கண்டெடுத்த ஒலிதான். அட்டைப்பெட்டியைத் தட்டிப் பெரிய டிரம்மாகவும், பிஸ்கட் டப்பாவைச் சின்ன டிரம்மாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். கூடவே பில் லாஸ்வெல், கிறிஸ் ஃபிராண்ட்ஸ் போன்ற கைதேர்ந்த வாத்தியக்காரர்களும் இருந்தார்கள். அதனால்தான் ஆல்பம் வெறும் ஒட்டுவேலையாகத் தோன்றாமல் உடம்பை அசைக்கிறது.

சாம்பிளர் வந்தபோது

1979இல் சிட்னியில் கிம் ரைரியும் பீட்டர் வோகலும் ஃபேர்லைட் என்ற கணினி இசைக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 'சாம்பிள்' என்ற சொல்லை இந்தப் பொருளில் பழக்கியவர்கள் அவர்களே. நெல் மூட்டையில் குத்தூசியை விட்டு ஒரு பிடி நெல்லைப் பார்ப்போமே, அந்த மாதிரிதான். ஒலி அலையின் உயரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை குத்திப் பார்த்து, ஒவ்வொன்றையும் ஓர் எண்ணாக எழுதி வைக்கிறது கருவி. திரும்ப அந்த எண்களைப் படித்தால் ஒலி வரும். வேகமாகப் படித்தால் சுருதி ஏறும், மெதுவாகப் படித்தால் இறங்கும். ஆக ஒரு நாய்க் குரைப்பைப் பதிந்துவிட்டு, கீபோர்டில் அதைச் சரிகமபதநி வாசிக்கலாம்.

விலை ஏறக்குறைய 18,000 பவுண்டு. அவ்வளவு கொடுத்தும் ஒரு குரலுக்குக் கிடைத்த நினைவகம் 16 கிலோபைட், அதாவது சுமார் ஒரு வினாடி ஒலி. கேட் புஷ் 1980இல் 'பபூஷ்கா' பாட்டின் முடிவில் கண்ணாடி நொறுங்கும் ஓசையை ஃபேர்லைட் வழியாக ஒலிக்கவைத்தார். அந்த ஓசைக்கு ஒரு வினாடி தாராளம். துன்யா யூனிஸின் நீண்ட கமகத்துக்குப் போதாது. அந்த வருடங்களில் ஒரு முழு வாக்கியத்தை, ஒரு முழு இசைவரியை எடுத்தாள டேப்பே நல்ல வழியாக இருந்தது. 1987, 1988இல் எஸ்பி-1200, எம்பிசி-60 போன்ற சாம்பிளர் பெட்டிகள் வந்த பிறகு ஹிப்-ஹாப் இளைஞர்கள் அதே காரியத்தை விரல் நுனியில் செய்தார்கள். பப்ளிக் எனிமி குழுவின் தயாரிப்பாளர் ஹாங்க் ஷாக்லி, இந்த ஆல்பம் தங்களைப் பாதித்ததைச் சொல்லியிருக்கிறார்.

'உலகம்' எங்கிருந்து வந்தது

'வேர்ல்ட் மியூசிக்' என்ற பெயர்ப்பலகை 1987இல்தான் வந்தது. லண்டன் மதுக்கடை ஒன்றில் சின்ன இசைத்தட்டு நிறுவனங்கள் கூடி, கடைகளில் தங்கள் தட்டுகளை எந்த அலமாரியில் வைப்பது என்ற சிக்கலுக்குக் கண்டுபிடித்த பெயர் அது. ஆனால் அதற்கு வெகுமுன்பே அந்தத் தட்டுகள் இருந்தன. ஆய்வாளர்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பதிவுசெய்து வெளியிட்டவை. ஈனோ, பைர்ன் இருவரும் அவற்றைத் தேடித் தேடிக் கேட்டவர்கள்.

அவர்களுக்கு முன்னே இரண்டு பேரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜெர்மனியின் கேன் குழுவைச் சேர்ந்த ஹோல்கர் சுக்காய், 1960களின் முடிவில் கொலோன் வானொலி ஸ்டுடியோவில் ராத்திரிகளில் புகுந்து, வியட்நாமியப் பெண்களின் பாடலை டேப் லூப்களோடு சேர்த்து 'கனாக்ஸிஸ்' என்ற தட்டைச் செய்தார். 1979இல் சிற்றலை வானொலியில் பிடித்த ஈரானியக் குரல்களை வைத்து 'பெர்ஷியன் லவ்' செய்தார். அதைக் கேட்டால் கண் கலங்கும். அவ்வளவு பிரியத்தோடு செய்திருக்கிறார்.

இரண்டாமவர் ஜான் ஹாசல். அமெரிக்க டிரம்பெட் கலைஞர். கிரானா கரானா என்ற பாட்டு மரபின் பண்டிட் பிரான் நாத்திடம் இந்துஸ்தானி வாய்ப்பாட்டு கற்று, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப்போகும் 'மீண்ட்' என்ற அசைவை டிரம்பெட்டுக்குள் கொண்டுவந்தவர். எந்த நாட்டுக்கும் உரியதாக இல்லாத கற்பனை நாட்டின் இசைக்கு 'நான்காம் உலகம்' என்று பெயர் வைத்து, 1980இல் ஈனோவோடு ஓர் ஆல்பம் வெளியிட்டார். ஈனோவும் பைர்னும் முதலில் நினைத்ததும் அதுவேதான்: இல்லாத ஓர் இனத்தின் இசையை ஆய்வாளர் பதிவுசெய்ததுபோல ஒரு தட்டு. வேலை போகப்போக அது மாறிவிட்டது. தம் கருத்து தம்மை விட்டுவிட்டுப் போய்விட்டதாக ஹாசல் வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது என்பேன்.

பெயரும் இரவல்தான். 1954இல் நைஜீரியாவின் யோருபா எழுத்தாளர் ஆமோஸ் துட்டுவோலா எழுதிய நாவலின் தலைப்பு அது. அடிமை பிடிப்பவர்களுக்குப் பயந்து ஓடும் சிறுவன் ஆவிகளின் காட்டுக்குள் வழிதவறிப்போகும் கதை. ஆல்பம் செய்யும்போது இருவரும் நாவலைப் படித்திருக்கவில்லை. தலைப்பு பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டார்கள்.

குரலுக்குச் சொந்தக்காரர்

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

'ரிமெய்ன் இன் லைட்' என்ற டாக்கிங் ஹெட்ஸ் ஆல்பம், ஈனோ, பைர்ன் ஆல்பத்துக்குப் பிறகு தொடங்கி அதற்கு முன்பே, 1980 அக்டோபரில், வெளிவந்துவிட்டது. காரணம், அனுமதி. ஒரு தடத்தில் காத்ரின் கூல்மன் என்ற புகழ்பெற்ற போதகரின் குரலை வைத்திருந்தார்கள். அவர் 1976இல் இறந்துவிட்டார். உரிமை வைத்திருந்தவர்கள் மறுத்துவிட்டார்கள். அவர் குரலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 1980 செப்டம்பரில் நியூயார்க் வானொலியில் பிடித்த, பெயர் தெரியாத ஒரு பேயோட்டுபவரின் குரலை வைத்தார்கள். அதுதான் 'ஜெசபெல் ஸ்பிரிட்'. அவர் ஒரு பெண்ணிடம் கேள்வி கேட்கிறார், பேயை வெளியேறச் சொல்லி அதட்டுகிறார், ஊடே அவளுடைய மூச்சிரைப்பு கேட்கிறது. பேயோட்டுபவர் யாரென்றாவது ஊகிக்கலாம். அந்தப் பெண் யார்? யாரும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கால் தாளம் போடுகிறது, மனம் சங்கடப்படுகிறது.

இன்னொரு தடத்தில் அல்ஜீரிய முஸ்லிம்கள் குர்ஆன் ஓதும் பதிவு இருந்தது. பிரிட்டனில் ஓர் இஸ்லாமிய அமைப்பு ஆட்சேபித்தது. ஈனோவும் பைர்னும் வாதாடாமல் அதை நீக்கினார்கள். 2006இல் ஆல்பம் மறுபடி வந்தபோதும் சேர்க்கவில்லை. ஓதுதலை ஓதுபவர்கள் பாட்டு என்று சொல்வதில்லை. காதுக்கு இனிமையாக இருப்பதாலேயே அது பாட்டாகிவிடாது என்ற வேறுபாட்டை அவர்கள் பிறகாவது மதித்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

சின்னத் தவறு ஒன்றும் உண்டு, ஆனால் அது நிறையச் சொல்கிறது. 'எ சீக்ரெட் லைஃப்' தடத்தில் வரும் சமீரா தவ்ஃபீக்கை, அட்டையில் எகிப்தியப் பாடகி என்று அச்சிட்டார்கள். அவர் லெபனானைச் சேர்ந்தவர், பெதுயின் என்ற பாலைவன நாடோடிகளின் பாடல்களால் அரபு உலகம் முழுக்கப் பெயர்பெற்றவர். ஓர் ஊரில் நட்சத்திரம், இன்னோர் ஊரில் முகவரி தெரியாத 'ஒலி'.

பின்னால் நடந்தது இதைவிட வேதனை. 1970இல் சாலமன் தீவுகளின் மலாய்ட்டாவில் அஃபுனாக்வா என்ற பெண் பாடிய தாலாட்டை ஹியூகோ செம்ப் என்ற ஆய்வாளர் பதிவுசெய்தார். 1992இல் டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சுக் குழு அதை நடன இசையில் வைத்து உலகப் புகழ் பெற்றது. செம்ப், தாம் சம்மதிக்கவே இல்லை என்று பிறகு எழுதினார். போதாக்குறைக்கு அதே மெட்டை ஆப்பிரிக்கப் பிக்மிகளின் தாலாட்டு என்று நினைத்து இன்னொரு ஐரோப்பியக் கலைஞரும் வாசித்தார். பசிபிக் தீவில் ஒரு குழந்தையைத் தூங்க வைத்த பாட்டு, பெயரும் ஊரும் இழந்து வேறொரு கண்டத்துப் பாட்டாகிவிட்டது.

சட்டம் தாமதமாக வந்தது. 1991இல் நியூயார்க் நீதிமன்றம் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகருக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, திருடாதே என்ற பைபிள் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார் நீதிபதி. அதன்பின் ஒவ்வொரு சாம்பிளுக்கும் அனுமதி, பணம் என்று ஆனது. ஆனால் சட்டம் பாதுகாப்பது பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்தை. வயலிலும் அடுப்படியிலும் பாடியவருக்கு என்ன கிடைக்கும் என்பது அந்த இடைப்பட்ட ஆய்வாளரின் நல்ல மனதைப் பொறுத்தே இருக்கிறது. 

2006 மறுவெளியீட்டின்போது ஈனோவும் பைர்னும் இரண்டு தடங்களின் தனித்தனிப் பதிவுகளை இணையத்தில் திறந்துவைத்து, யார் வேண்டுமானாலும் வெட்டி ஒட்டிப் புதிதாகச் செய்யலாம் என்றார்கள். எடுத்தவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள் என்று அதைப் பார்க்கிறேன்.

தமிழ்க் காதுக்கு மிக அருகில் இந்த மரபு வந்தது, ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த எம்.ஐ.ஏ. என்ற ராப் பாடகி வழியாக. 2007இல் வந்த அவருடைய 'கலா' ஆல்பம், அம்மாவின் பெயர் கொண்டது. சென்னையில் பதிவான உருமி மேளமும் கோழிக் கூச்சலும் அதில் ஒரே பாட்டில் வருகின்றன. இன்னொரு பாட்டு தளபதியின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து இளையராஜாவின் இசையை எடுத்து அதன்மேல் நிற்கிறது. இங்கே எடுப்பவருக்கு எடுக்கப்படும் ஒலி அந்நியம் இல்லை. வீட்டில் கேட்டு வளர்ந்தது. அந்த வித்தியாசம் காதில் விழுகிறது.

கேட்கத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் துன்யா யூனிஸ் பாடிய அந்த 1976 பதிவை மட்டும், கூட எதுவும் இல்லாமல், இரண்டு தடவை கேளுங்கள். எங்கே மூச்சு எடுக்கிறார், எந்தச் சுரத்தில் நின்று குரலை நடுங்க விடுகிறார் என்று கவனியுங்கள். ஒருநாள் விட்டு, ஈனோ, பைர்ன் ஆல்பத்தில் 'ரெஜிமென்ட்' தடத்தைப் போடுங்கள். பேஸ் கித்தார் தொடங்கும், டிரம்ஸ் சேரும், அதற்குள் அவர் குரல் நுழையும். அப்போது உங்களுக்கு அந்தக் குரலின் பெயர் தெரிந்திருக்கும்.